நஷ்டத்தில் ஓடும் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுக்கு வரிப்பணம் கொடுக்கலாமா?

கடைசிவரிசை:
கொஞ்ச நாளாக மனதை உறுத்தும் கேள்வி. ஒரு சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா கடனில் மூழ்கி, சம்பளம் போடவே வழியில்லாமல் நின்றால், அரசு பொதுப்பணத்தைக் கொடுத்துத் தூக்கிவிட வேண்டுமா? எனக்கு அந்த இசை உயிர், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டிய பணம், ஊரில் சிலரே போய்க் கேட்கும் கச்சேரிக்கு ஏன் போகவேண்டும் என்று ஒருவர் முகத்துக்கு நேராகக் கேட்டால் நேர்மையாக என்ன சொல்வது? டிக்கெட் விலையை ஏற்றி, செலவைக் குறைத்து, சொந்தக் காலில் நிற்க முடியாதா?

செல்லோமாணவி:
முடியாது. 1966-லேயே பாமோல், போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை விளக்கிவிட்டார்கள். தொழிற்சாலைக்குப் புது இயந்திரம் வந்தால் அதே ஆள் பல மடங்கு உற்பத்தி செய்கிறார், சம்பளமும் ஏறுகிறது. நாற்பது நிமிட சிம்பொனிக்கு இருநூறு வருடத்துக்கு முன்னால் எத்தனை நிமிடம், எத்தனை கைகள் தேவைப்பட்டனவோ அதே அளவுதான் இன்றைக்கும் தேவை. ஆனால் வாசிப்பவர் கொடுப்பது இன்றைய வாடகை. அதனால் அரங்கம் நிறைந்தாலும் பல குழுக்களுக்கு டிக்கெட் வசூல் செலவில் பாதியைக்கூடத் தொடாது. விலையை ஏற்றினால் வசதியானவர்கள் மட்டும் கேட்கும் இசையாகிவிடும், அப்புறம் எந்த முகத்தோடு மானியம் கேட்பது?

வரவுசெலவு:
மேலே சொன்னது உண்மைதான், ஆனால் நிர்வாகத்தை அவ்வளவு லேசாக விட்டுவிடாதீர்கள். அமெரிக்காவின் மினசோட்டா ஆர்கெஸ்ட்ராவில் 2012 அக்டோபர் முதல் 2014 ஜனவரி வரை நிர்வாகமே கதவடைப்பு செய்தது. கலைஞர்களிடம் சம்பளத்தில் பெரிய வெட்டு கேட்ட அதே காலத்தில் அரங்கத்தைப் புதுப்பிக்க சுமார் 5 கோடி டாலர் செலவானது! கட்டடத்துக்கு நன்கொடை திரட்டுவது சுலபம், மாதாமாதம் போட வேண்டிய சம்பளத்துக்குத் திரட்டுவதுதான் கஷ்டம். அதனால் என் கட்சி இதுதான்: பொதுப்பணம் கொடுக்கட்டும், ஆனால் அது சம்பளத்துக்கே போகட்டும், கணக்கு எல்லாருக்கும் தெரியும்படி இருக்கட்டும்.

இன்னொன்று. அமெரிக்காவில் எல்லாம் தனியார் பணம் என்பார்கள். நன்கொடைக்கு அங்கே 1917 முதல் வரிச்சலுகை இருக்கிறது, அதாவது அரசுக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பங்கு அந்த வழியாகவும் போகிறது, யாருக்குப் போகும் என்பதைக் கொடுப்பவர் முடிவுசெய்கிறார், அவ்வளவுதான் வித்தியாசம். சரி, அரசு மானியம் இருந்தால் பயமில்லையா என்றால் அதுவும் இல்லை. ஜெர்மனியில் 1992-இல் 168 ஆர்கெஸ்ட்ராக்கள் பொதுப்பணத்தில் இயங்கின, இப்போது சுமார் 130தான். 2016-இல் தென்மேற்கு வானொலியின் இரண்டு ஆர்கெஸ்ட்ராக்களை ஒன்றாக்கிவிட்டார்கள்.

உள்பக்கநாற்காலி:
நான் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் பிரிவில் பதினோரு வருடம் உட்கார்ந்தவள். எங்கள் குழு மூடப்பட்டுவிட்டது, அதனால் இதைக் கணக்காக மட்டும் என்னால் பார்க்க முடியவில்லை.

இரண்டு பேருக்கு ஸ்வரத்தாள் வைக்க ஒரு ஸ்டாண்ட். பக்கம் திருப்புவது உள்பக்கம் இருப்பவர் வேலை, வெளிப்பக்கம் இருப்பவர் வில்லை நிறுத்தவே மாட்டார். ஸ்வரத்தாளில் எங்களுக்கு முன்னால் உட்கார்ந்தவர்கள் போட்ட பென்சில் குறிகள் இருக்கும், எங்கே வில்லை மேலே தூக்குவது, எங்கே மூச்சு விடுவது என்று. ஒரு இடத்தில் மூன்று விதக் கையெழுத்து. ஓபோ என்ற குழல் வாத்தியம் வாசிப்பவர் தன் சீவாளியை வீட்டில் தானே சீவிக்கொண்டு வருவார், அவர் கொடுக்கும் சுருதிக்கு எல்லாரும் சேருவோம். அன்றைக்கு அந்த சுருதியில் ஏதாவது வித்தியாசம் என்றால் வில்லை எடுக்கும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும். இது ஒருவரோடு ஒருவர் வருடக்கணக்கில் உட்கார்ந்தால் மட்டும் வருவது. கலைத்துவிட்டு, பணம் வந்தபிறகு மறுபடி ஆள் சேர்த்தால் நல்ல கலைஞர்கள் கிடைப்பார்கள், அந்தக் குழு கிடைக்காது. அமெரிக்காவில் சான் ஆன்டோனியோ நகரத்து ஆர்கெஸ்ட்ராவில் முழுநேர இடங்களை 72-லிருந்து 42-ஆகக் குறைக்கப் பார்த்தார்கள், 2021-இல் வேலைநிறுத்தம், 2022 ஜூனில் கலைத்தே விட்டார்கள். 1939 முதல் இருந்த குழு.

கேட்காதவர்களின் பணம் என்ற கேள்வி நியாயமானது, அதைத் தள்ளிவிட மாட்டேன். வரி எல்லாரும் கட்டுகிறார்கள் என்றால் இசையும் அரங்கத்தை விட்டு வெளியே வரவேண்டும். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து ஆர்கெஸ்ட்ராவில் ஆறு மாத வேலைநிறுத்தம் 2011 ஏப்ரலில் முடிந்தபிறகு புறநகர்களிலேயே போய் வாசிக்கத் தொடங்கினார்கள், கச்சேரிகளை இணையத்தில் இலவசமாக ஒளிபரப்பினார்கள். எங்களையும் பள்ளிக்கூடங்களுக்கு அனுப்புங்கள் என்று நிர்வாகத்திடம் நாங்கள் பலமுறை கேட்டோம். அனுப்பவில்லை.

கடைசிவரிசை:
எல்லாருக்கும் நன்றி. கேட்பவர்களிடம் இனி தயங்காமல் சொல்வேன்: சம்பளத்துக்குக் கொடுங்கள், பதிலுக்குப் பள்ளிக்கூடத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். உள்பக்கநாற்காலி, அந்தப் பென்சில் குறி போட்ட தாள்கள் எல்லாம் என்ன ஆயின?

உள்பக்கநாற்காலி:
பெட்டிகளில் கட்டி ஒரு கிடங்கில் வைத்தார்கள். எங்கள் ஸ்டாண்டில் இருந்ததை மட்டுமாவது தரமுடியுமா என்று இரண்டு முறை எழுதிக் கேட்டேன். எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று தெரியவில்லையாம்.