புதுப்பிப்பு: பூசானில் குக்பாப் சாப்பிட்டாயிற்று

சுற்றுலாப் பயணிகளை நம்பியிராத, உள்ளூர்க்காரர்கள் அன்றாடம் சாப்பிடும் சிறிய உணவகம் தென் கொரியாவின் பூசான் நகரில் எங்கே இருக்கிறது என்று இதே இழையில் கேட்டிருந்தேன். பலரும் பரிந்துரைத்தபடி சோமியன் சந்தையை ஒட்டிய குக்பாப் (சூடான சாற்றில் சோறு சேர்த்த கொரிய உணவு) சந்துக்கே சென்று வந்தேன். பன்றி எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்து எடுத்த, பால்போல் வெளுத்த சாற்றில் சோறும் மெல்லிய இறைச்சித் துண்டுகளும் சேர்ந்த துவேஜி குக்பாப், கருநிற மண்கலத்தில் தளதளவென்று கொதித்தபடியே மேசைக்கு வந்தது. சாற்றில் உப்பு மிகக் குறைவு. உப்பிட்ட சிற்றிறாலைச் சிறிது சிறிதாகக் கலந்து, பூண்டு மணம் வீசும் புச்சுக் கீரையை மேலே குவித்து, சுவையை நாமே அமைத்துக்கொள்ள வேண்டும் (இறாலை அள்ளிப் போட்டால் உப்புக் கரிக்கும்). கொரியப் போரின்போது அகதிகளால் நிரம்பிய இந்நகரில் பரவிய உணவு என்று இதைச் சொல்வார்கள். தீரத்தீர வைத்த கிம்ச்சிக்கு (காரமாகப் புளிக்கவைத்த காய்கறி)த் தனிக் கட்டணம் இல்லை. பன்றி இறைச்சி உண்ணாதவர்களுக்கு மட்டும் இந்தச் சந்தில் வேலையில்லை.