குவியேயின் எகிப்தியப் பறவைகள் லாமார்க்கை மறுத்தனவா?

கேள்வி:
வணக்கம். நம் பாடநூல்களில் லாமார்க் என்றாலே கழுத்து நீண்ட ஒட்டகச்சிவிங்கியும், பெறப்பட்ட பண்புகள் சந்ததிக்குக் கடத்தப்படும் என்ற கொள்கையும், அடுத்த பத்தியிலேயே அது தவறு என்ற தீர்ப்பும் வந்துவிடுகின்றன. அவர் காலத்திலேயே பிரெஞ்சு உடற்கூற்றியலாளர் ஜார்ஜ் குவியே எகிப்திய மம்மிகளைக் கொண்டு அவரை மறுத்தார் என்று அண்மையில் படித்தேன். பதப்படுத்தப்பட்ட ஒரு பறவை, சிற்றினங்கள் மாறுவதில்லை என்பதற்கு எவ்வாறு சான்றாகும்?

பதில் 1:
நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்போடு 1798இல் சென்ற அறிஞர்களுள் ஒருவரான எத்தியேன் ழொஃப்ருவா, பழங்காலக் கல்லறைகளிலிருந்த விலங்கு மம்மிகளைப் பாரிஸ் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார். 1802இல் அவற்றைப் பற்றி அறிக்கை அளித்தவர்களுள் குவியே மட்டுமல்லாமல் லாமார்க்கும் இருந்தார். இதைப் பெரும்பாலோர் குறிப்பிடுவதே இல்லை. எகிப்தியர் புனிதமாகக் கருதிய அரிவாள் மூக்கனின் எலும்புகளைக் குவியே இன்றைய பறவையின் எலும்புகளோடு ஒப்பிட்டு, வேறுபாடு ஏதுமில்லை என்று கண்டார். நெடுங்காலம் என்பது குறுங்காலத்தின் பெருக்கமே. ஆகவே, இரண்டு மூன்று ஆயிரம் ஆண்டுகளில் சிறு மாற்றமும் நிகழவில்லையென்றால், எத்தனை ஆயிரம் ஆண்டுகளைக் கூட்டினாலும் விடை சுழியாகவே இருக்கும் என்பது அவர் வாதம்.

பதில் 2:
லாமார்க் 1809இல் வெளியிட்ட 'விலங்கியல் தத்துவம்' நூலில் இதற்கு விடையளித்தார். எகிப்தின் தட்பவெப்பம் அன்று போலவே இன்றும் இருக்கையில், அங்குள்ள பறவையின் வாழ்க்கைப் பழக்கம் மாறக் காரணமில்லை. பழக்கம் மாறாதபோது உருவம் மாறியிருந்தால்தான் வியப்பு என்றார். அத்துடன், மனிதருக்குப் பெரிதாகத் தோன்றும் அந்த ஆண்டுகள் இயற்கைக்கு அற்பமானவை என்றும் வாதிட்டார். இவ்வாறு சொல்லும் துணிவு எளிதில் வந்ததன்று. அவரை ஆதரித்து வளர்த்த இயற்கையியலாளர் புஃபோன், பூமி உருகிய நிலையிலிருந்து ஆறியது என்று கொண்டு, இரும்புக் குண்டுகளைக் காய்ச்சி அவை ஆறும் நேரத்தை அளந்து, பூமியின் வயது ஏறத்தாழ 75,000 ஆண்டுகள் என்று 1778இல் அச்சிட்டிருந்தார். விவிலியக் கணக்கான சில ஆயிரம் ஆண்டுகளோடு ஒப்பிட்டால் அதுவே பெரும் பாய்ச்சல். என் பார்வையில், இந்த வழக்கின் மையம் அரிவாள் மூக்கன் அன்று, காலத்தின் அளவே.

பதில் 3:
முன்னவர் சொன்னதை ஏற்கிறேன். ஆனால், குவியேயை வெறும் பழைமைவாதியாகக் காட்டிவிடக் கூடாது. உடலின் உறுப்புகள் ஒன்றோடொன்று இறுக்கமாகப் பொருந்தியிருப்பதால், ஒன்று மட்டும் மாறினால் விலங்கு பிழைக்காது என்ற உடற்கூற்றியல் காரணம் அவரிடம் இருந்தது. மேலும், மாமூத் இன்றைய யானைகளினின்று வேறான, அற்றுப்போன இனம் என்று 1796இல் எலும்புகளைக் கொண்டு நிறுவியவரும் அவரே. லாமார்க்கோ, தொல்லுயிர்ச் சிப்பிகளுள் பல அழியவில்லை, வேறு உருவுக்கு மாறிவிட்டன என்று கருதி, இன அழிவைப் பெரும்பாலும் ஏற்க மறுத்தார். மாற்றத்தை ஏற்றவர் அழிவை மறுத்தார். அழிவை நிறுவியவர் மாற்றத்தை மறுத்தார். டார்வினின் கொள்கைக்கு இரண்டுமே தேவைப்பட்டன.