பொருள்: "காம்பசிட்" – கலவையா, கூட்டா, இயைவா? (வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்)

மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம்.

பட்டம் இழுக்க, நீர்மேல் விரையும் பந்தயப் பலகையைச் செய்வது எப்படி என்று ஒரு பயிற்சிக் கையேடு. நாற்பது பக்கம். இந்த விளையாட்டு 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் முதன்முறையாக இடம்பெற்றதிலிருந்து (போட்டி நடந்தது மார்செய் கடலில்) கற்றுக்கொள்ள வருபவர்களுக்குத் தமிழில் ஏதாவது கொடுக்க வேண்டும் என்று பயிற்றுநர்கள் கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை முடித்தாக வேண்டும்.

முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டேன். "காம்பசிட்" என்பதற்கு, அதாவது இழையையும் பிசினையும் சேர்த்துச் செய்யும் பொருளுக்கு, எதைப் போடுவது? கலவை என்றால் வேதியியலில் வேறு பொருள். சேர்மமும் அப்படித்தான். உலோகக்கலவை என்பது தனி இனம். கலப்பு என்றால் கலப்பெண் நினைவுக்கு வருகிறது. கணக்கில் இதே ஆங்கிலச் சொல்லுக்குப் "பகு எண்" என்கிறோம், அது இங்கே உதவாது. ஒவ்வொரு கதவிலும் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். வழி சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்:

வணக்கம். பலகை செய்கிறவன் என்ற முறையில் ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். "கலவை" மட்டும் வேண்டவே வேண்டாம். கலவை என்று படித்த மாணவர் இழையைத் துண்டு துண்டாக வெட்டிப் பிசினில் போட்டுக் கலக்கி அச்சில் ஊற்றப் பார்ப்பார். இப்படி ஒருவர் கேட்டதை நானே கேட்டிருக்கிறேன்.

இந்த வேலையின் உயிரே கலக்காமல் இருப்பதில்தான் இருக்கிறது. கார்பன் இழை தன் நீளவாட்டில்தான் வலிமை காட்டும், குறுக்கே கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அதனால் வளைவதைத் தடுக்க ஓர் அடுக்கைப் பலகையின் நீளத்துக்கு இடுகிறோம். முறுக்குவதைத் தடுக்க இன்னோர் அடுக்கை 45 பாகை சாய்த்து இடுகிறோம். நீருக்கடியில் இருக்கும் இறக்கையும் அதன் தண்டும் பலகையை முறுக்கும் விசை சாதாரணமானதல்ல. இழை எந்தத் திசையில் கிடக்கிறது என்பது கடைசிவரை தெரிய வேண்டும். பிசினின் வேலை இழையை அந்த இடத்தில் பிடித்து வைத்திருப்பது.

எனக்குக் "கூட்டுப்பொருள்" போதும். பாதிப் பேருக்காவது புரியும்.

தமிழாசிரியர்:

பட்டறைக்காரத் தம்பி சொன்னது எனக்கு நேராகத் தொல்காப்பியமாகக் கேட்டது. "மெய்யோ டியையினும் உயிரியல் திரியா" என்று எழுத்ததிகாரத்தில் பத்தாம் நூற்பா. மெய்யோடு சேர்ந்தாலும் உயிர் தன் இயல்பு மாறாது. சேர்ந்த பின்னும் இழை இழையாகவே இருக்கிறது, பிசின் பிசினாகவே இருக்கிறது, இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்துப் போல நிற்கின்றன. நமக்கு வேண்டிய வரையறை இதுதானே? சேர்மத்தில் இயல்பு திரிந்துவிடும். கலவையில் ஒழுங்கு இல்லை. இயைந்தும் திரியாதது என்று சொல்ல நம் இலக்கணத்திலேயே ஒரு வினை இருக்கிறது.

ஆகவே என் பரிந்துரை: இயைபொருள். வினைத்தொகை. இயைந்த, இயைகின்ற, இயையும் என மூன்று காலமும் அதில் அடங்கும். வேரைப் பார்த்தால் இயை, இசை இரண்டும் ஒன்றே என்பது என் துணிபு. உயிர் உசிராவதும் நேயம் நேசமாவதும் போன்ற யகர சகர மாற்றம். இசைவு, இசைதல், பண்ணிசை எல்லாம் பொருந்துதல் என்ற ஒரே கருத்திலிருந்து கிளைத்தவை. இணை, இழை ஆகியவற்றையும் இதனோடு வைத்துப் பார்க்க இடமுண்டு. அப்படிப் பார்த்தால் "இழை" என்ற சொல்லுக்குள்ளேயே இயைதல் கிடக்கிறது. இதைத் தனி மடலாக விரிவாக எழுதுகிறேன்.

இளம் உறுப்பினர்:

ஐயா, வேர் ஆய்வு அருமை, ஆனால் வெள்ளிக்கிழமை நெருங்குகிறது. இரண்டு ஐயங்கள். ஒன்று, இயைபு என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு இயைபுத் தொடைதான் முதலில் வரும். இரண்டு, வினைத்தொகையில் ஒற்று மிகாது என்பது உங்களுக்குத் தெரியும். கையேட்டைத் தட்டச்சு செய்பவர் கட்டாயம் "இயைப்பொருள்" என்று அடிப்பார், அதன்பின் அதுவே பரவும்.

பட்டறையில் எல்லாரும் "ஃபைபர்" என்கிறார்கள். அதையே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பட்டறைக்காரர்:

"ஃபைபர்" சரிவராது. பேச்சில் நாங்கள் கண்ணாடி இழைத் துணியையும் ஃபைபர் என்போம், செய்து முடித்த பொருளையும் ஃபைபர் என்போம். நேரில் கையால் காட்டிப் பேசும்போது குழப்பம் வராது. எழுத்தில் "ஃபைபர் கனமாகிவிட்டது" என்றால் துணி கூடிப்போனதா, பிசின் கூடிப்போனதா? கைப்பூச்சில் பெரும்பாலும் கூடுவது பிசின்தான். கன சென்டிமீட்டருக்குக் கார்பன் இழை 1.8 கிராம் அளவு, எபாக்சி பிசின் 1.2 கிராம் அளவு. எண்ணைப் பார்த்தால் பிசின்தான் லேசு. ஆனால் பாரம் தாங்குவது இழை. தேவைக்கு மேல் இருக்கும் ஒவ்வொரு சொட்டுப் பிசினும் வெறும் சுமை. அதற்காகத்தான் பையில் போட்டுக் காற்றை உறிஞ்சுகிறோம். வெளிக்காற்று சதுர மீட்டருக்குப் பத்து டன் அளவுக்கு அழுத்தி, மிகுந்த பிசினை மேலே விரித்த பஞ்சுக்குள் தள்ளிவிடும். முழுமைக்கு ஒரு பெயரும் பகுதிகளுக்குத் தனித்தனிப் பெயர்களும் இருந்தால்தான் இதைச் சொல்லிக்கொடுக்க முடியும்.

மொழிபெயர்ப்பாளர்:

அப்படியானால் அடுத்த தலைவலி. இழையைச் சுற்றிப் பிடித்திருக்கும் பொருளுக்கு ஆங்கிலத்தில் "மேட்ரிக்ஸ்". அணி என்று போட்டால் கணக்குப் பாடம்.

ஈழ வழக்கு அறிந்த உறுப்பினர்:

எங்கள் பாடநூல்களில் அந்தக் கணக்குச் சொல்லுக்குத் தாயம் என்போம். லத்தீனில் அச்சொல் தாய், கருப்பை என்ற பொருளில் வந்தது, அதனால் தாயம் ஒலியிலும் பொருளிலும் நெருங்கி நிற்கிறது. இழையைத் தன்னுள் வைத்துக் காப்பதால் இங்கேயும் ஆகும்.

தமிழாசிரியர்:

தாயம் என்றால் உரிமை, தாயாதி. சூதாட்டத்தில் விழுவதும் தாயம். பலகைக்குள் அதைக் கொண்டுவர வேண்டாம் அம்மா. "தாங்கி" எப்படி?

பட்டறைக்காரர்:

தாங்கி என்பது பேரிங். அத்தோடு இங்கே தாங்குவது இழை. பிடிப்பதுதான் மற்றது. நான் "பிடிபொருள்" என்பேன். பிசினைத் தவிர வேறு பிடிபொருளும் உண்டு என்பதால் பிசின் என்றே எழுதிவிடவும் முடியாது.

இதைவிட எனக்குக் கவலை தருவது எட்டாம் பக்கம். சான்ட்விச் அமைப்பு. அது புரியாவிட்டால் கையேட்டால் பயனே இல்லை. ஒரு பட்டை வளையாமல் நிற்பது அதன் தடிமனின் முப்படிக்கு ஏற்ப. தடிமனை இருமடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்கு. ஆனால் முழுவதையும் கார்பனால் தடித்துச் செய்தால் தூக்கவே முடியாது. வளையும்போது மேல்பரப்பும் கீழ்ப்பரப்பும்தான் பெரும்பாலான விசையை வாங்குகின்றன. ஆகவே அங்கே மட்டும் மெல்லிய கார்பன் தோல், நடுவில் கன மீட்டருக்கு 80 கிலோ அளவில் உள்ள நுரை. நுரையின் வேலை இரண்டு தோல்களையும் விலக்கி நிறுத்துவதும், ஒன்றின்மேல் ஒன்று வழுக்காமல் தடுப்பதும். தண்டு பொருந்தும் இடத்தில் மட்டும் அடர்த்தியான நுரை வைத்து, மேல்தோலையும் கீழ்த்தோலையும் இழையால் இணைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் அங்கேதான் நீர் புகும், அங்கிருந்துதான் தோல் உரியும்.

தமிழாசிரியர்:

தம்பி, இதற்குச் சொல் தேட வேண்டியதே இல்லை! தொல்காப்பிய மரபியலில் இருக்கிறது. "புறக்கா ழனவே புல்லென மொழிப", "அகக்கா ழனவே மரமென மொழிப". வெளிப்புறம் வயிரமாக, அதாவது கெட்டியாக, இருப்பவை புல், உள்ளே வயிரமாக இருப்பவை மரம். மூங்கிலும் பனையும் புல். உங்கள் பலகை மரப்பலகை போலத் தெரிந்தாலும் அதன் அமைப்பு மூங்கிலுடையது. புறக்காழ்ப் பலகை என்று வையுங்கள். தோலுக்குக் காழ், நடுவுக்கு அகம்.

பட்டறைக்காரர்:

ஐயா, இதைப் படித்துவிட்டு வேலையை நிறுத்தி உட்கார்ந்துவிட்டேன். மூங்கில் ஏன் அவ்வளவு லேசாக இருந்தும் ஒடியவில்லை என்பதைத்தான் நான் முதல் நாள் மாணவர்களிடம் கேட்பேன். இனிமேல் இந்த நூற்பாவையும் சொல்வேன்.

ஆனாலும் கையேட்டில் காழ் வேண்டாம் என்றே சொல்கிறேன். பிசின் கையில் காய்ந்துகொண்டிருக்கும்போது படிக்கிற புத்தகம் அது. "தோல்" என்றால் உடனே கை போகும். "காழ்" என்றால் ஒரு கணம் நிற்கும்.

இளம் உறுப்பினர்:

காழ் என்றதும் இன்று நினைவுக்கு வருவது காழ்ப்புணர்ச்சிதான். தோலுக்கு என் வாக்கு.

தமிழாசிரியர்:

அந்தக் காழ்ப்பும் மனம் வயிரம் பாய்வதுதான். வயிரம் என்ற சொல்லுக்கே பகை என்ற பொருளும் உண்டு. ஒரு சொல்லைப் பத்து ஆண்டு புழங்கினால் தெரிந்துபோகும். புழங்காமலே தெரியவில்லை என்று தள்ளினால் எந்தச் சொல்தான் பிழைக்கும்? கட்டுமரம் என்ற சொல்லை ஆங்கிலம் எடுத்துக்கொண்டு இரட்டை உடல் படகுக்கே பெயராக்கியது. அவர்கள் யாரும் "கட்டு" என்றால் என்ன என்று கேட்டு நிற்கவில்லை.

மொழிபெயர்ப்பாளர்:

நேற்று இரவு கூட்டுப்பொருளைப் போட்டுப் பார்த்தேன். பதினாறாம் பக்கம் வரை சிக்கலில்லை. அங்கே தேன்கூட்டு வடிவ உள்ளகம் (இரு தோலுக்கும் நடுவில் இருப்பது) வருகிறது. "தேன்கூட்டுக் கூட்டுப்பொருள்" என்று வந்து நின்றது. படித்தவர் இரண்டு கூட்டையும் கூடு என்றே எடுத்துக்கொண்டார். கூட்டுப்புழு என்று படித்துப் பழகிய கண் அல்லவா.

ஈழ வழக்கு அறிந்த உறுப்பினர்:

அறுகோண அறை என்று உள்ளகத்துக்குப் பெயர் மாற்றலாமே? மோதுவது அங்கே மட்டும்தான்.

பட்டறைக்காரர்:

ஆமாம், "அறுகோண அறை" நன்றாக இருக்கிறது, வடிவமும் தெரிகிறது.

மொழிபெயர்ப்பாளர்:

சரி, நாளை காலை அனுப்ப வேண்டும். இப்படி வைத்திருக்கிறேன். உடலில் எங்கும் கூட்டுப்பொருள். முதல் பக்கத்தில் ஒரே ஒரு முறை "இயைபொருள் என்றும் கூறலாம்" என்று எழுதி, இழையும் பிசினும் தம் இயல்பு திரியாமல் சேர்வதை இரண்டு வரியில் விளக்கியிருக்கிறேன். மேட்ரிக்ஸுக்குப் பிடிபொருள். இருபுறமும் தோல், நடுவில் உள்ளகம். சான்ட்விச் அமைப்புக்கு "இருதோல் அமைப்பு". அடுக்கு விட்டுப்போவதற்குப் பட்டறைச் சொல்லையே எடுத்துத் "தோலுரிதல்". மூங்கில் உவமை எட்டாம் பக்கத்தில் நூற்பாவோடு ஒரு கட்டமாக இருக்கிறது. ஐயாவின் புறக்காழ் அந்தக் கட்டத்துக்குள் மட்டும் வருகிறது.

நால்வர் ஒப்பியிருக்கிறீர்கள். மறுப்பு இருந்தால் இன்று இரவுக்குள்.

தமிழாசிரியர்:

கூட்டுப்பொருளுக்கு என் மறுப்பு நிற்கிறது. கூட்டுவட்டியில் அசலும் வட்டியும் கலந்த பின் எது எது என்று தெரியாது, இங்கே தெரிய வேண்டும் என்பதுதானே தம்பியின் முதல் மடல். ஆனால் பணியைத் தடுக்க மாட்டேன், அனுப்புங்கள். முதல் பக்கத்தில் "இயைபொருள்" என்ற இடத்தில் ஒற்று மிகாமல் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்:

பார்த்தேன் ஐயா. மிகுந்துதான் இருந்தது. திருத்திவிட்டேன்.