விண்டோஸில் எதை எடுக்கலாம், எதை விட்டுவிட வேண்டும்: எங்கள் அனுபவம்

(நாங்கள் ஒருவர் பின் ஒருவராக எழுதியது; ஆள் மாறும் இடத்தில் நட்சத்திரக் குறி.) சிங்கப்பூரில் எங்கள் புளோக்கில் யாருக்காவது கணினி மெதுவாகிவிட்டால் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அப்படிப் பல மடிக்கணினிகளைத் திறந்து பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: விண்டோஸோடு வந்த செயலிகளை நீக்கினால் இடம் மிஞ்சும், வேகம் அவ்வளவாகக் கூடாது. யாரும் திறக்காத விளையாட்டு வட்டில் சும்மா கிடக்கும், அவ்வளவுதான். கணினியைத் திணறடிப்பவை அது எழும்போதே கூடவே எழுந்து பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள். அதனால் யார் கொண்டுவந்தாலும் முதலில் டாஸ்க் மேனேஜரில் ஸ்டார்ட்அப் பக்கத்தைத்தான் பார்ப்பேன். உரையாடல் செயலி, இசைச் செயலி, பிரிண்டருக்கு ஒன்று, கணினி தயாரிப்பாளர் சேர்த்துவிட்டது ஒன்று என்று வரிசையாக நிற்கும். அணைத்தாலே போதும், நீக்கக்கூட வேண்டாம். அப்புறம் அந்த வைரஸ் தடுப்பின் சோதனைப் பதிப்பு, காலம் முடிந்த பிறகும் பணம் கட்டு கட்டு என்று நச்சரிக்குமே, அதைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள், விண்டோஸின் டிஃபெண்டர் தானாகவே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும்.

இடம்தான் பிரச்சினை என்றால் வேறு வேலை. யீஷூனில் ஓர் அக்கா, 2020 ஏப்ரலில் பள்ளிப் பாடமெல்லாம் வீட்டுக்கு வந்தபோது மகளுக்காக அவசரமாக வாங்கிய மடிக்கணினி, சேமிப்பு 64 ஜிபிதான், அதுவும் போர்டிலேயே பதிந்தது, மாற்ற முடியாது. விண்டோஸ் 10-இன் பெரிய புதுப்பிப்பு வரும்போதெல்லாம் இடமில்லை என்று பாதியில் நின்றுவிடும். அதில் முதலில் ஹைபர்னேஷனை, அதாவது திறந்திருப்பதை வட்டில் சேமித்துவிட்டுக் கணினி உறங்கும் வசதியை, அணைத்தேன், ஏனென்றால் அதற்காக சி டிரைவில் மறைந்திருக்கும் கோப்பு, ரேம் அளவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டைப் பிடித்துக்கொள்ளும் (கணினி விரைவாக எழ உதவும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதியும் அதோடு போய்விடும், தெரிந்தே செய்யுங்கள்). பழைய பதிப்பைச் சேர்த்துவைத்திருந்த விண்டோஸ் ஓல்ட் ஃபோல்டரை டிஸ்க் கிளீனப் வழியாக எடுத்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் வின்எஸ்எக்ஸ்எஸ் ஃபோல்டரைக் காட்டி, "அங்கிள், இதுதான் ரொம்பப் பெருசா இருக்கு, அழிச்சிடலாமா?" என்று கேட்டாள். விண்டோஸ் தன் பாகங்களை வைத்திருக்கும் இடம் அது, கையால் தொடவே கூடாது. அதில் இருப்பவற்றில் நிறைய, விண்டோஸின் சிஸ்டம்32 ஃபோல்டரில் இருக்கும் அதே கோப்புகள். ஹார்டு லிங்க் என்பதால் ஒரே கோப்பு இரண்டு இடத்தில் தெரிகிறது, எக்ஸ்புளோரர் அதை இரண்டு தடவை கணக்கில் எடுத்துக்கொள்கிறது. பழைய பாகங்களை மட்டும் துடைக்க விண்டோஸோடு வரும் டிஸ்ம் கருவியில் கட்டளை இருக்கிறது. அதைக் கொடுத்துவிட்டுக் கீழே போய்க் காப்பி குடித்துவிட்டு வந்தால் வேலை முடிந்திருக்கும்.

புதுப்பிப்புக்கென்று விண்டோஸ் ஏறத்தாழ 7 ஜிபி ஒதுக்கிவைக்கிறதே, 2019-இல் வந்த ஏற்பாடு, அதையும் பறித்துவிடு என்று சில காணொளிகளில் சொல்கிறார்கள். எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. இடமில்லாமல் புதுப்பிப்பு நிற்கிற கணினியில்தான் அது மிகவும் தேவை.

இன்னொன்று, நீக்கிய செயலி திரும்ப வந்துவிட்டது என்று பலர் புலம்புகிறார்கள். கட்டளை தட்டச்சு செய்யும் பவர்ஷெல்லில் உங்கள் கணக்குக்கு மட்டும் நீக்கினால், புதிதாகக் கணக்கு திறப்பவருக்குக் கொடுப்பதற்கென்று விண்டோஸ் ஒரு பிரதியைத் தனியாக வைத்திருக்கும். தம்பிக்கோ பாட்டிக்கோ கணக்கு திறந்தவுடன் எல்லாம் அப்படியே வந்து நிற்கும். அந்தப் பிரதியை எடுப்பதற்குத் தனிக் கட்டளை, இரண்டையும் செய்தால்தான் போகும்.

* * *

அண்ணே, எடுக்கக் கூடாததைப் பற்றி நானும் சொல்லணும். தமிழ்மொழி மாதம் வந்தால் எங்கள் வட்டாரத்தில் அழைப்பிதழ், நிகழ்ச்சி நிரல் எல்லாம் தயாரிப்பது நான்தான். போன ஏப்ரலில் நிகழ்ச்சிக்குப் பொறுப்பான அக்காவின் கணினியில் என் பழைய கோப்பைத் திறந்தால் இரண்டு பக்கத்தில் அடங்கியது மூன்றாம் பக்கத்துக்கு ஓடிவிட்டது, வரிகள் எல்லாம் வேறு வேறு இடத்தில் மடங்கியிருந்தன. அவர் மகன் எங்கேயோ பார்த்த ஒரு ஸ்கிரிப்டை, அதாவது கட்டளைகளின் தொகுப்பை, ஓட்டியிருக்கிறார். அது தேவையற்றவை என்று விருப்பப் பாகங்களை மொத்தமாக வழித்துவிட்டது, அதில் லதா எழுத்துருவும் போய்விட்டது. விண்டோஸ் 10-இலிருந்து லதாவும் விஜயாவும் தமிழுக்கான கூடுதல் எழுத்துருக்கள் என்ற தனிப் பொதியில்தான் இருக்கின்றன, நிர்மலா மட்டும்தான் எல்லாக் கணினியிலும் இருக்கும். அதனால் தமிழ் தெரிகிறதே என்று பார்ப்பவருக்குக் குறையே தெரியாது, பக்கம் வைத்தவருக்குத்தான் தெரியும். செட்டிங்ஸில் ஆப்ஷனல் ஃபீச்சர்ஸ் போய் அந்தப் பொதியைத் திரும்பச் சேர்த்ததும் பக்கம் பழையபடி வந்துவிட்டது.

அதே ஸ்கிரிப்ட் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரையும் எடுத்திருந்தது. ஐபோனில் எடுத்த ஹெய்க் வகைப் படங்களைத் திறக்க வேண்டிய நீட்டிப்பு ஸ்டோரிலிருந்துதான் வர வேண்டும், பேச்சாளர் படம் எதுவுமே திறக்கவில்லை. ஸ்டோரை நீங்கள் பயன்படுத்தாவிட்டாலும் மற்றவை அதை நம்பி இருக்கின்றன, தயவுசெய்து விட்டுவிடுங்கள். எட்ஜ் உலாவியை வேரோடு பிடுங்கும் கருவிகளும் அப்படித்தான், செயலிகளுக்குள் இணையப் பக்கம் காட்டும் வெப்வியூவும் கூடவே போனால் புது அவுட்லுக், டீம்ஸ் எதுவும் திறக்காது.

* * *

தங்கச்சி சொன்ன ஸ்கிரிப்ட் விவகாரம்தான் என் கவலையும். கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரில் மாடி மாடியாக விலை கேட்டுப் பாகம் பாகமாகக் கணினி சேர்த்த ஆள் நான். அந்தக் காலத்து விண்டோஸ் எக்ஸ்பி கேட்டது 64 எம்பி ரேம், ஒன்றரை ஜிபி இடம். விண்டோஸ் 11 கேட்பது 4 ஜிபி ரேம், 64 ஜிபி இடம். எக்ஸ்பி காலத்திலேயே என்லைட் என்ற கருவியை வைத்து வேண்டாததை முன்கூட்டியே எடுத்துவிட்டுப் புது சிடி எழுதிக்கொள்வோம், அந்த வழி இன்றும் எனக்குப் பிடிக்கும், என்லைட்டை உருவாக்கியவரே எழுதிய என்டிலைட் இப்போதும் கிடைக்கிறது. ஆனால் யாரோ முன்பே வெட்டி இணையத்தில் போட்டிருக்கும் விண்டோஸை மட்டும் இறக்கிப் போடாதீர்கள், எதை எடுத்தார், எதைச் சேர்த்தார் என்று யாருக்குத் தெரியும்? டைனி11 என்ற வெட்டிய விண்டோஸ் 11 வேண்டுமென்றால் அதிகாரபூர்வக் கோப்பை மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்தே எடுத்து, வெட்டும் ஸ்கிரிப்டைப் படித்துப் பார்த்து நீங்களே செய்துகொள்ளலாம். அதிலும் கோர் என்ற வகை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஆகாது என்று செய்தவரே சொல்கிறார், புதுப்பிப்பும் டிஃபெண்டரும் அதில் கிடையாது. ஜூரோங்கில் ஒரு தம்பி அதில்தான் சிங்பாஸ் (அரசுச் சேவைகளுக்கான நுழைவுக் கணக்கு), வங்கிக் கணக்கு எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கே முழு விண்டோஸைப் போடவைத்தேன்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. எவ்வளவு வெட்டினாலும் அந்தப் பாதுகாப்பு ஓட்டை அடைபடாது, கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் வரை இழுக்கலாம். பதினொன்றுக்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் செயலி என்றால் எட்டாம் தலைமுறையாவது இருக்க வேண்டும். அதற்கும் தகுதியில்லாத ஒன்றில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான இயங்குதளத்தைப் போட்டுக் கொடுத்தேன், தட்டச்சுக்கான ஐபஸ்ஸில் தமிழ்99 விசைப்பலகை சேர்த்தாயிற்று, என் மனைவி அதில்தான் தன் அக்காவுக்கு மின்னஞ்சல் எழுதுகிறார்.