16 வயது சென்டர் ஃபீல்டர்: எதை முதலில் திருத்துவது?

வணக்கம். டெக்ஸாஸில் டாலஸ் பக்கம் இருக்கிறோம். மகன் ஹைஸ்கூல் பேஸ்பால் அணியில் சென்டர் ஃபீல்டர் (அவுட்ஃபீல்ட் எனும் வெளிமைதானத்தின் நடுவில் நிற்பவன்), ஆகஸ்டில் 11ஆம் வகுப்புக்குப் போகிறான். முதல் பிரிவு (டிவிஷன் 1) கல்லூரிப் பயிற்சியாளர்கள் ஆகஸ்ட் 1 முதல் அவனிடம் நேரடியாகப் பேசலாம், ஆனால் காட்டுவதற்கு உருப்படியான வீடியோ இல்லை.

வலது கை, உயரம் 5 அடி 11 அங்குலம். 60 கஜ ஓட்டம் 6.9 வினாடி, அவுட்ஃபீல்டிலிருந்து எறிவது மணிக்கு 84 மைல், டீயில் (பந்தை நிறுத்திவைக்கும் கம்பத்தில்) வைத்து அடித்தால் பந்து 88 மைலில் கிளம்புகிறது. பக்கவாட்டில் ஓடிப் பிடிப்பதில் கெட்டிக்காரன். நேராக அவனை நோக்கி வரும் லைன் டிரைவுதான் (தாழ்வாக, வேகமாகப் பறந்து வரும் அடி) பிரச்சினை: முதல் அடியை முன்னால் வைத்துவிடுகிறான், பந்து தலைக்கு மேல் பறந்து வேலியில் மோதுகிறது. போன சனிக்கிழமை மட்டும் இரண்டு தடவை, இரண்டாவது தடவை அவன் குனிந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டே நின்றது இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. பேட்டிங்கில், வெளியே விலகும் ஸ்லைடருக்கு (கடைசியில் பக்கவாட்டில் வளையும் பந்து) இடுப்பு முன்கூட்டியே பந்து எறிபவர் பக்கம் திரும்பிவிடுகிறது.

மூன்று மாதமாகத் தனிப்பயிற்சி, இரண்டு ஷோகேஸ் (கல்லூரிகள் பார்க்கத் திறமையைக் காட்டும் முகாம்), வாரம் இரண்டு நாள் நானே ஃபங்கோ மட்டையில் (பயிற்சிக்கான மெல்லிய மட்டை) பந்தை அடித்துக் கொடுப்பது என எல்லாம் செய்தாயிற்று. ஷோகேஸில் எண்களைத் தந்தார்கள், அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பள்ளிப் பயிற்சியாளரோ "நன்றாக ஆடுகிறான்" என்பதோடு சரி.

வீடியோ எடுக்க ஆறு வாரம் இருக்கிறது. ஸ்கவுட்டிங் (வீரர்களை மதிப்பிட்டுத் தேர்ந்தெடுப்பது) தெரிந்தவர்கள் சொல்லுங்கள்: இந்த எண்களோடு இருக்கும் பையனுக்கு முதலில் திருத்த வேண்டியது அந்த முதல் அடியா, பேட்டிங்கா?