ஐ2சி டிரைவரில் எஸ்எம்பஸ் பிளாக் ரீட் சேர்த்தால் -74 பிழை: உதவி தேவை

கேள்வி:

வணக்கம். எங்கள் ஏஆர்எம் போர்டில் ஒரு ஸ்மார்ட் பேட்டரி ஐ2சி பஸ்ஸில் (சிப்புகளை இரண்டே வயரில் இணைக்கும் பஸ்) இருக்கிறது, முகவரி 11 (0x0b). லினக்ஸ் கெர்னலில் உள்ள எஸ்பிஎஸ் பேட்டரி டிரைவரைத்தான் பயன்படுத்துகிறோம். மின்னழுத்தம், வெப்பநிலை எல்லாம் சரியாக வருகின்றன. தயாரிப்பாளர் பெயரைப் படிக்கும்போது மட்டும், அடாப்டரில் (போர்டின் ஐ2சி கன்ட்ரோலரில்) பிளாக் ரீட் (பல பைட்டை ஒரே முறையில் படிப்பது; ஐ2சி மேல் அமைந்த எஸ்எம்பஸ் விதிமுறையின் கட்டளை) இல்லை, மாற்று வழியில் பெக் (தரவு பிழையின்றி வந்ததா என்று காட்டும் கடைசி பைட்) சரிபார்ப்பு கிடையாது என்று கெர்னல் பதிவில் எச்சரிக்கை வருகிறது. மாற்று வழியில் பெயர் கிடைக்கிறது. ஆனால் பேட்டரி வயர் மோட்டாரை ஒட்டிப் போகிறது, இரைச்சல் அதிகம். எனக்கு பெக் கட்டாயம் வேண்டும்.

அதனால் சிப்போடு வந்த ஐ2சி டிரைவரை நீட்டிக்கப் பார்க்கிறேன். ஃபங்ஷனாலிட்டி பட்டியலில் பிளாக் ரீட் கொடியைச் சேர்த்தேன். எச்சரிக்கை போய்விட்டது, ஆனால் பெயரைக் கேட்டால் -74 (EBADMSG, வந்த தரவு சரியில்லை என்ற பிழை) வருகிறது. பேட்டரி பழுதா, டிரைவரில் கோளாறா?

பதில் 1:

பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டாம். லாஜிக் அனலைசர் இருந்தால் மாட்டிப் பாருங்கள். முகவரிக்குப் பின் இரண்டே பைட் வந்து, இரண்டாவதற்கு நாக் ('இனி வேண்டாம்' என்று சொல்லும் பிட்) போயிருக்கும் என்று நினைக்கிறேன்.

அனலைசர் இல்லையென்றால், அதே இரண்டு பின்களை ஜிபிஐஓ (மென்பொருளே நேரடியாக இயக்கும் பின்) ஆக்கி, கெர்னலின் ஐ2சி-ஜிபிஐஓ டிரைவரில் ஓட்டுங்கள். அதன் பிட்-பேங் அல்காரிதத்தில் பிளாக் ரீட் ஏற்கெனவே சரியாக இருக்கிறது. அதில் பெயர் வந்தால் வன்பொருள் பக்கம் பார்க்க வேண்டியதே இல்லை.

கேட்டவர்:

அனலைசரில் பார்த்தேன், நீங்கள் சொன்னதேதான். முதல் பைட் 9, அடுத்தது பெயரின் முதல் எழுத்து, அதோடு நாக், ஸ்டாப். ஏன் அங்கேயே நிற்கிறது?

பதில் 2:

கொடியைச் சேர்ப்பது கெர்னலுக்குக் கொடுக்கும் வாக்குறுதி மட்டும்தான். வேலையை டிரான்ஸ்ஃபர் கோட் செய்ய வேண்டும். சாதாரண ரீடில் எத்தனை பைட் என்று டிரைவருக்கு முன்பே தெரியும். பிளாக் ரீடில் நீளத்தைச் சொல்வதே பேட்டரிதான், முதல் பைட்டில். ஐ2சி கோர் அந்த மெசேஜில் 'ரெசீவ் லெங்த்' கொடி வைத்து, நீளம் 1 என்று அனுப்பும். பெக் இருந்தால் 2. உங்கள் டிரைவர் கொடியைக் கவனிக்காமல் 2 பைட்டோடு முடித்துவிடுகிறது. கோர் கடைசி பைட்டை பெக் என்று எடுத்துக்கொள்கிறது, கணக்கு உதைக்கிறது, -74.

இன்டரப்ட் ஹாண்ட்லரில் முதல் பைட் வந்ததும் அது 1 முதல் 32-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மெசேஜ் நீளத்தோடு அதைக் கூட்டுங்கள். கூட்ட வேண்டும், "முதல் பைட் + 1" என்று புதிதாக எழுதிவிட்டால் பெக் பைட் விட்டுப்போகும். எல்லைக்கு வெளியே இருந்தால் -71 (EPROTO, நெறிமுறைப் பிழை) திருப்புங்கள். எஸ்எம்பஸ் 3.0 விதி 255 வரை அனுமதித்தாலும் லினக்ஸின் வரம்பு 32-தான். இந்தச் சோதனையை விட்டால் பஃபரைத் தாண்டி நினைவகத்தில் எழுதிவிடும். இரைச்சல் உள்ள வயரில் அது நிச்சயம் ஒருநாள் நடக்கும்.

அப்புறம், கன்ட்ரோலரில் ஃபிஃபோ (வரும் பைட்டுகளைச் சேர்த்து வைக்கும் வரிசை) இருந்தால் அந்த முதல் பைட்டுக்கு மட்டும் இன்டரப்ட் அளவை 1 ஆக வையுங்கள்.

கேட்டவர்:

பெயர் வந்துவிட்டது, பெக்கோடு! மிக்க நன்றி. இன்னொரு சிக்கல்: ஓடும்போது பேட்டரியைக் கழற்றி மாட்டினால் சில சமயம் -71 வருகிறது. அது புரிகிறது. ஆனால் அதன்பின் எஸ்டிஏ (தரவு வயர்) கீழேயே நிற்கிறது, பஸ்ஸில் உள்ள எல்லாச் சிப்புக்கும் -110 (டைம்அவுட்).

பதில் 2:

தவறான நீளம் வந்ததும் உடனே ஸ்டாப் போடுகிறீர்களா? உங்கள் கன்ட்ரோலர் பைட் வரும் முன்பே ஆக்கா (ஏற்பு) நாக்கா என்று கேட்கும் வகை என்றால், நீள பைட்டுக்கு ஆக் ஏற்கெனவே போயிருக்கும். பேட்டரி அடுத்த பைட்டை அனுப்பத் தொடங்கியிருக்கும். அந்த பைட்டின் முதல் பிட் 0 என்றால் எஸ்டிஏயை அதுதான் இழுத்துப் பிடித்திருக்கும், உங்கள் ஸ்டாப் எடுபடாது. நாக் பிட்டை வைத்து, இன்னும் ஒரு பைட் வாங்கி அதைக் குப்பையில் போட்டுவிட்டு, பிறகு ஸ்டாப் கொடுங்கள்.

நீளம் 1, பெக் இல்லை என்ற நிலையையும் சோதியுங்கள். அங்கே அடுத்த பைட்டே கடைசி. 100 கிலோஹெர்ட்ஸில் 8 பிட்டுக்கு 80 மைக்ரோவினாடிதான், அதற்குள் நாக் பிட்டை வைத்தாக வேண்டும். எனவே இந்த முடிவை ஹாண்ட்லரிலேயே எடுங்கள், திரெட்டுக்குத் தள்ள வேண்டாம்.

பதில் 1:

இதோடு பஸ் மீட்பையும் சேர்த்துவிடுங்கள். பேட்டரியைப் பாதி பைட்டில் கழற்றி மாட்டுபவரை எந்த கோடும் தடுக்க முடியாது. அடாப்டரில் மீட்புத் தகவலை நிரப்பி, எஸ்சிஎல்லை (கிளாக் வயர்) ஜிபிஐஓவாகக் கொடுத்தால், கெர்னலின் பொது மீட்பு ஃபங்ஷன் 9 கிளாக் வரை தட்டி எஸ்டிஏயை விடுவிக்கும். -110 வந்து எஸ்டிஏயும் கீழே இருந்தால் மட்டும் அதை அழையுங்கள்.

கேட்டவர்:

இரண்டையும் சேர்த்தேன். கழற்றி மாட்டும்போது -71 இன்னும் எப்போதாவது வருகிறது, ஆனால் அடுத்த ரீட் சரியாகிவிடுகிறது, மற்ற சிப்புகளும் தொடர்ந்து பதில் சொல்கின்றன. நீளம் 1 சோதனைக்கு இன்னொரு போர்டை ஐ2சி ஸ்லேவாக எழுதிக்கொண்டிருக்கிறேன், முடிந்ததும் பேட்ச்சை இங்கேயே போடுகிறேன்.