சிலோனில் ஏது புலி என்று சிரித்தேன்

கூடலூர்ச் சிலோன்காரன்

வெளிநாட்டில் எனக்கு நடந்தது, ரொம்ப நாளாக உறுத்துகிறது, எழுதிவிடுகிறேன். இலங்கை மலைநாட்டில் இருந்தவர்கள், இருப்பவர்கள் உங்களுடையதையும் சொல்லுங்கள்.

எனக்குக் கூடலூர் பக்கம், டேன்டீ (தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம்) குடியிருப்பு. தோட்டத் தமிழரை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் வந்த குடும்பம். தாத்தா 1974-ல் தலைமன்னாரில் கப்பல் ஏறியவர். ஊரில் எங்களுக்குப் பெயர் ‘சிலோன்காரன்’. தேயிலைத் தூளைத் தரம் பிரிக்கிற கலர் சார்ட்டர் மெஷினோடு கம்பெனி என்னை இரண்டு வருடத்துக்கு மலைநாட்டுப் பொகவந்தலாவைக்கு அனுப்பியது. அங்கே போனால் ‘இந்தியாக்காரத் தம்பி’. சரி, அது வேறு கதை.

யானையும் காட்டெருமையும் வாசல்வரை வருகிற ஊரில் வளர்ந்தவன் நான். அங்கே யானைத் தொல்லை இல்லை, எங்கள் ஊர்க் காட்டெருமை அந்தத் தீவிலேயே இல்லை. ராத்திரி ஸ்டோரிலிருந்து (தேயிலை ஃபேக்டரியைத்தான் அப்படிச் சொல்வார்கள்) குவார்ட்டர்ஸுக்கு டார்ச்கூட இல்லாமல் நடப்பேன். பக்கத்துத் தொழிலாளர் லயத்து அம்மாயி ஒருநாள், “தம்பி, மேல புலி நடமாட்டம் இருக்கு, பாத்துப் போ” என்றார். “சிலோன்ல ஏது அம்மாயி புலி? அது எங்க முதுமலையிலல்ல இருக்கு” என்று சிரித்தேன். அவர்கள் சிறுத்தையைத்தான் புலி என்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

குவார்ட்டர்ஸில் ஒரு நாய் இருந்தது. பெயர் டைகர். சிரிக்காதீர்கள், முன்னால் இருந்தவர் வைத்த பெயர். கோழி பிடிக்கிறது என்று புகார் வந்ததால் ராத்திரியில் இஸ்தோப்பில், அதாவது வாசல் திண்ணையில், சங்கிலி போட்டுக் கட்டுவேன்.

பிப்ரவரி மாதம். ரெண்டு மணி இருக்கும். மேலே யூக்கலிப்டஸ் காட்டில் யாரோ மரம் அறுக்கிறார்கள். கைரம்பம் போய் வருகிற மாதிரி, கர்ர்... கர்ர்... திருட்டு மரம் வெட்டுகிறார்கள் என்று நினைத்துப் புரண்டு படுத்தேன். சத்தம் நின்றது. கொஞ்ச நேரத்தில் டைகர் கதவைச் சுரண்டியது. குரைக்கவில்லை, சுரண்டல் மட்டும்தான். “படுடா” என்று ஒரு அதட்டு போட்டேன். படுத்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்புறம் சங்கிலி ஒரே ஒரு தடவை, ஒரே ஒரு இழுப்பு.

கதவைத் திறந்தால் சங்கிலி வடிகால் கான் பக்கமாக நேராக நீண்டு கிடக்கிறது. நுனியில் கழுத்துப் பட்டி. கொக்கி கழறவில்லை, தோல் அறுபடவில்லை, போட்டது போட்டபடி வட்டமாக இருக்கிறது. உள்ளே நாய்தான் இல்லை. டார்ச்சை அடித்தேன். கல் அணைக்கு மேலே அது பக்கவாட்டில் நின்றது. வாயில் டைகர், பின்கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏதோ நான்தான் அதன் வழியில் குறுக்கே வந்துவிட்ட மாதிரி, அவசரமே இல்லாமல் மேலே ஏறிப் போய்விட்டது.

காலையில் அம்மாயி சொன்னது: “நாயக் கட்டிப் போடுறது புலிக்கு எல போட்டு வைக்கிற மாதிரி தம்பி.”

கதவைச் சுரண்டியதே, அதுதான்.

கொழும்பு வெயில்

நண்பரே, மனதை நோகடிக்கச் சொல்லவில்லை. ஆனால் சிறுத்தை என்றால் யால தேசியப் பூங்கா. அங்கே ஜீப்பில் நான்கு தடவை போய் ஒரு தடவைதான் பார்த்தேன், அதுவும் மரத்தில் தொங்கிய வாலை. தேயிலைத் தோட்டத்தில் வாசலுக்கு வந்தது என்றால் மீன்பிடிப் பூனையாக இருக்கலாம். அதற்கும் உடம்பில் புள்ளி உண்டு. இருட்டில் டார்ச் அடித்தால் எல்லாமே பெரிதாகத்தான் தெரியும்.

நோர்வூட் கொழுந்து

கொழும்பு வெயில் அண்ணா, கட்டிப் போட்ட வளர்ந்த நாயைத் தூக்கிக்கொண்டு கல் அணை ஏறுகிற பூனையை எங்கள் தோட்டத்தில் யாரும் கண்டதில்லை. யாலயில் ஜீப்புக்குக் காசு கொடுத்துப் பார்க்கிறீர்கள். ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா பக்கம் பெரட்டுக்கு (காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்க) போகும்போது சும்மாவே கண்ணில் படும். சிங்களத்தில் கொட்டியா என்பதும் இதைத்தான். விஞ்ஞானப் பெயரின் கடைசிச் சொல்லும் அதுவேதான், பாந்தெரா பார்டஸ் கொட்டியா. அவர் கேட்ட ரம்பச் சத்தம்தான் அதன் குரல். கேட்டவர்களுக்கு மறக்காது.

ஆனால் நாங்கள் பயப்படுவது புலிக்கு இல்லை. குளவிக்கு.

கம்பஸ் லீவில் வந்திருந்தபோது அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டு மலைக்குப் போனேன். பன்னிரண்டு மணி வெயில். பருந்து ஒன்று மரக்கிளையில் தொங்கிய கூட்டில் மோதியது, அவ்வளவுதான். யாரோ “படு, படு” என்று கத்தினார்கள். நான் ஓடப் பார்த்தேன். அம்மா என் காலை வாரிக் கானுக்குள் தள்ளி, இடுப்பில் கட்டியிருந்த முரட்டுப் படங்குத் துணியை அவிழ்த்து என்மேல் போட்டு அமுக்கிக்கொண்டார். எனக்கு இன்றைக்கும் நினைவில் இருப்பது அந்தச் சத்தம்தான். படங்குக்கு மேலே ஆலங்கட்டி மழை விழுகிற மாதிரி, பட பட பட. உள்ளே தேயிலைப் பால் வாசமும் வியர்வையும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. படங்கு ஒருவருக்குத்தான் போதும் என்பது அது அடங்கி எழுந்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

அம்மாவின் கழுத்திலிருந்தும் காதுக்குப் பின்னாலிருந்தும் கொடுக்குகளை எடுத்தேன். முப்பதுக்கு மேல் எண்ணவில்லை. கொடுக்கு தோலிலேயே தங்கிவிட்டதென்றால் அது குளவி இல்லை, மலைத்தேனீ. பேப்பரில் எல்லாவற்றுக்கும் ‘குளவிக் கொட்டு’ என்றுதான் போடுவார்கள். அம்மா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். நாலாம் நாள் அதே மலைக்குக் கொழுந்து எடுக்கப் போனார்.

அப்புறம் ‘வெளிநாடு’ என்று எழுதுகிற அண்ணாமாருக்கு ஒன்று. இது எங்களுக்கு ஊர்.

ஆசிரியர், வடமராட்சி

தங்கச்சி கோபிக்க வேண்டாம். உள்நாடுதான், ஆனால் யாழ்ப்பாணத்திலிருந்து மஸ்கெலியாவுக்கு மாற்றலாகி வந்த முதல் வருடம் எனக்கு அது வெளிநாடுதான். குளிர், மழை, அட்டை.

வெள்ளைக் காற்சட்டையோடு காலைக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன், முன்வரிசைப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள். குனிந்து பார்த்தால் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை சிவப்பு. வலியே இல்லை. அதிபர் என் பேச்சை முடித்துவைத்தார்.

அதற்குப் பிறகு நான் படித்தவற்றைச் சொல்கிறேன், புதிதாக வருபவர்களுக்கு உதவும். அட்டை கடிக்கும்போது இரத்தம் உறையாமல் இருக்க ஒரு பொருளைச் செலுத்துகிறது. அதனால் அது கழன்று விழுந்த பிறகும் மணிக்கணக்கில் ஒழுகும், பதற வேண்டாம். மழைக்காலத்தில் புல்லில் இறங்கும் முன் காலுறைக்கு மேல் சவர்க்காரத்தை ஈரத்தோடு தேய்க்கலாம். சுண்ணாம்பும் புகையிலையும் குழைத்துப் பூசுகிறவர்களும் உண்டு. காற்சட்டை நுனியைக் காலுறைக்குள் விட வேண்டும். இருண்ட நிறக் காற்சட்டை அணியக் கூடாது, ஏறுவது தெரியாது. (வெள்ளை அணிந்தால் என்ன ஆகும் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.) பையில் எப்போதும் ஒரு பொட்டலம் உப்பு வைத்திருங்கள். கடித்தால் உப்பைத் தூவுங்கள், சுருண்டு விழுந்துவிடும். நான் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

நோர்வூட் கொழுந்து

மாஸ்டர், உப்புப் போட்டால் அட்டை குடித்ததைக் காயத்துக்குள்ளேயே கக்கும், புண் சீழ் பிடிக்கும். மெல்லிய முனைதான் வாய். அதன் அடியில் நகத்தைக் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளிவிட்டால் போதும். எங்கள் ஆட்கள் எடுக்கிற வேகத்தைப் பார்த்தால் எடுத்ததே தெரியாது.

ஆசிரியர், வடமராட்சி

பத்து வருடமாக உப்புத்தான் போடுகிறேன். ஒரு சீழும் பிடிக்கவில்லை.

டோஹா மணல்

அட்டைச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். நான் இப்போது இருப்பது கட்டார். இங்கே நான் பார்க்கும் ஒரே மிருகம் கேம்ப் குப்பைத் தொட்டிப் பூனை. ஆனாலும் அதைப் பார்க்கும்போதெல்லாம் ஊர் ஞாபகம் வந்து தொலைக்கிறது.

2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பியில் மாட்டி, உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் செத்துப்போனது. பேப்பர், டீவி எல்லாவற்றிலும் வந்தது. நான் சொல்வது அதற்குச் சில வருடம் முந்தி எங்கள் தோட்டத்தில். அது சாதாரணப் புள்ளிப் புலி, அதனால் எங்கும் வரவில்லை.

லயத்துக்குப் பின்னால் மரக்கறித் தோட்டம் போட்டிருந்தோம். போஞ்சி, கிழங்கு. காட்டுப்பன்றி ஒரே ராத்திரியில் உழுதுவிட்டுப் போகும். மூன்று மாத உழைப்பு. அதற்காகப் பழைய மோட்டார் சைக்கிள் பிரேக் கேபிளில் சுருக்கு வைப்பார்கள். சட்டப்படி குற்றம், எல்லோருக்கும் தெரியும். பன்றி போகிற தடத்தில்தான் புலியும் போகும், அதுவும் எல்லோருக்கும் தெரியும்.

காலையில் பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போன பெண்கள் ஓடி வந்தார்கள். போய்ப் பார்த்தால் தேயிலைச் செடிகளுக்கு நடுவில், கம்பி கழுத்தில் இல்லை, இடுப்பில். சுற்றியுள்ள செடி எல்லாம் வேரோடு பிடுங்கிக் கிடந்தது. ஒரு முந்நூறு பேர் நின்று போன் பிடித்தார்கள். நானும் பிடித்தேன். வனஜீவராசி ஆட்கள் வந்துவிட்டார்கள், ஆனால் மயக்க ஊசி போடுகிற வைத்தியர் தூரத்திலிருந்து வர வேண்டும். அது வரைக்கும் உறுமிப் பாய்ந்து பாய்ந்து விழுந்தது. ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் கம்பி உள்ளே இறங்கியது.

பதினொரு மணிக்கு மழை தொடங்கியது. ஆட்கள் குடைக்கு ஓடினார்கள். அப்போது அது பாய்வதை நிறுத்திவிட்டுத் தலையை நீட்டி, ஒரு தேயிலை இலையில் வழிந்த தண்ணீரை நக்கியது. எங்கள் வீட்டுப் பூனை எப்படி நக்குமோ அப்படி. ஒரு இலை முடிந்ததும் பக்கத்து இலை.

வைத்தியர் வந்தார், ஊசி போட்டார், கூண்டில் ஏற்றினார்கள். மறுநாள் செத்துவிட்டது என்று கேள்விப்பட்டோம். உள்ளே எல்லாம் நசுங்கிவிட்டதாம்.

சுருக்கு வைத்தது யார் என்று பொலிஸ் கேட்டது. யாரும் வாயைத் திறக்கவில்லை. எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளுக்கு அந்த மாதம்தான் அப்பா புதுக் கேபிள் மாற்றியிருந்தார். நான் அவரிடம் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. போன வருடம் தவறிவிட்டார்.

கொழும்பு வெயில்

மன்னிக்கவும். பூனை என்று நான் எழுதியதை மீளப் பெறுகிறேன்.

ஒரு தகவல் மட்டும், யாரும் கேட்கவில்லை என்றாலும். கூடலூர்க்காரர் டார்ச் இல்லாமல் நடந்ததாக எழுதியிருப்பதைப் படித்து எனக்குப் பகீர் என்றது. சிறுத்தையை விடுங்கள். காய்ந்த இலைக் குப்பைக்குள் பொலோன் தெலிஸ்ஸா என்று ஒரு பாம்பு கிடக்கும். ஒரு முழம்கூட இருக்காது, கபில நிறம், மூக்கு நுனி மேலே தூக்கியிருக்கும். மிதித்தால்தான் தெரியும். பெரும்பாலும் வீக்கத்தோடு போய்விடும், சிலருக்குச் சிறுநீரகத்தைப் பாதிக்கும். முக்கியமான விஷயம், இங்கே ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு மருந்து இந்தியாவிலிருந்து வருவது. நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்காகச் செய்தது. இதற்குக் கேட்காது. அதனால் கட்டுப் போடாதீர்கள், கீறாதீர்கள், அடித்த பாம்பைத் தூக்கிக்கொண்டு அலையாதீர்கள். 1990-க்கு அடியுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை. சப்பாத்துப் போட்டு நடங்கள். டார்ச் ஒன்று கையில் இருக்கட்டும்.

எனக்குச் சொந்த அனுபவம் என்று ஒன்றும் இல்லை. நுவரெலியாவில் ரொஜர்ஸ் துரை என்ற வெள்ளைக்கார மேஜரின் கல்லறையைத்தான் பார்த்தேன். 1,400 யானைக்கு மேல் சுட்டவன் என்று சொல்கிறார்கள். 1845-ல் ஹப்புத்தளையில் மின்னல் அடித்துச் செத்தான். மலைநாட்டில் யானைத் தொல்லை இல்லை என்று நிம்மதியாக நடந்தாரே கூடலூர்க்காரர், காடழித்துக் கோப்பி போட்டதோடு அந்த ஆளுக்கும் அதில் பங்கு உண்டு.

கூடலூர்ச் சிலோன்காரன்

டோஹா அண்ணன், உங்களுக்கு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு தடவை எழுதி அழித்துவிட்டேன்.

கொழும்பு வெயில், டார்ச் வாங்கியாகிவிட்டது. மாஸ்டர், அங்கே கடித்த அட்டை எதற்கும் நான் ஒன்றுமே செய்ததில்லை. குடித்துவிட்டு அதுவே விழுந்துவிட்டது.

நான் ஊர் திரும்புவதற்கு நாலு மாதம் இருக்கும்போது அம்மாயி ஒரு குட்டியைப் படங்கில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார். ராத்திரி குசினியில்தான் படுக்கை, சங்கிலி கிடையாது. பெயர் வைக்கச் சொன்னார். டைகர் மட்டும் வேண்டாம் என்றேன். “அப்ப சிங்கம்னு வையி, இந்த நாட்டுல அதுக்கு ஒரு கொறையும் வராது” என்றார். கறுப்பி என்று வைத்தேன். அது கதவைச் சுரண்டினால் எந்த ஜாமமாக இருந்தாலும் எழுந்து, டார்ச்சை அடித்து, வெளியே நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் திறப்பேன். பெரும்பாலும் மூத்திரம் போகத்தான்.